மறுரூபத் திருநாள்

2023-ஆம் ஆண்டில் ஆகஸ்டு 6 ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. ஆண்டவரின் தோற்றமாற்ற விழா ஞாயிறன்று வருவது ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். அப்படி வந்தால் பொதுக்காலத்து ஞாயிறு தன் இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்துவிடும். எங்கள் பெற்றோர் இதனை மறுரூபத் திருநாள் என்றே சொல்வார்கள். நாவுக்குப் பழகிப்போன அந்தப் பெயரை எங்களாலும் விட முடியவில்லை. இங்கும் அவ்வாறே எழுதுவதை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

அன்று காலை ஒலக்கூரில் எங்கள் வீட்டில் நடந்தது திருநாளுக்கு ஏற்றதாக இல்லை. திண்டிவனத்துக் கோயிலில் காலைத் திருப்பலி. அதற்குப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். நாங்கள் இருவரும் புறப்பட்டு நின்றபோது, பேரன் மட்டும் குளிக்காமல் கொள்ளாமல் திண்ணைத் தூணில் சாய்ந்திருந்தான். கையில் கைப்பேசி.

"இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க தாத்தா. நான் வரல" என்றான்.

"ஏண்டா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. இன்னிக்கு ஒரு சண்டை வருது. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கேன்."

சண்டை என்றால் பொம்மைப் படத்துச் சண்டை. கடற்கொள்ளையர் கதை. ஜப்பானியர் எடுத்து வாரம் ஒன்றாக வெளியிடும் நீண்ட தொடர். அது அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அப்போது ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு வந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் காலை ஆறு மணி. அங்கு வந்த சிறிது நேரத்தில் கைப்பேசியிலும் வந்துவிடுமாம். பூசை நேரமும் கொள்ளையன் சண்டை போடும் நேரமும் ஒன்றாகிவிட்டன. பதினான்கு வயதுப் பிள்ளை கொள்ளையனைத் தேர்ந்துகொண்டான்.

"உங்கப்பன் இருந்திருந்தா இதுக்கு விட்டிருப்பானா?" என்ற கேள்வி எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. எங்கள் இருவருள் அதைக் கேட்டவர் யார் என்று எழுதப் போவதில்லை. கேட்காதவரும் தடுக்கவில்லை. பிள்ளை எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் பேருந்துக்கு நடந்தோம்.

திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் பதினேழாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. உயர்ந்த மலை, மூன்று சீடர், கதிரவன் போன்ற முகம், ஒளியாகவே மாறிவிட்ட வெண்ணிற ஆடை என்று எல்லாம் பலமுறை கேட்டவைதாம். குரல் கேட்டு முகங்குப்புற விழுந்துகிடந்த சீடர்களை ஆண்டவர் அருகில் வந்து தொட்டு எழுப்பினார் என்று ஓர் இடம் வருகிறது. மாற்கும் லூக்காவும் இதே நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்கள். ஆனால் தொட்டதை மத்தேயு மட்டுமே எழுதுகிறார். அன்று எங்களைத் தைத்தது அந்தச் சொல்தான். நாங்களோ ஒரு பிள்ளையைக் குப்புற விழத் தள்ளிவிட்டுக் கோயிலுக்கு வந்திருந்தோம். மறையுரையில் பங்குத்தந்தை பேதுருவின் மூன்று கூடாரங்களைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி எங்கள் காதில் ஏறவில்லை.

அவன் எங்கள் மகளின் ஒரே பிள்ளை. மருமகன் செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியற்காலையில் ஒலக்கூர் நிலையத்தில் பயணியர் ரயிலேறினால் திரும்ப இரவாகிவிடும். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் தகப்பன் வீட்டில் இருப்பது ஞாயிறு ஒன்றில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில்கள் நின்றபோது, அந்த மனிதர் முதல் முறையாக இரண்டு மாதங்கள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தார். மறு ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையில், ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து இறைவனடி சேர்ந்தார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. மருத்துவமனையிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. கவச உடையில் முகம் தெரியாத நால்வர் குழியில் இறக்கினார்கள். துக்கமணி அடிக்கவில்லை. மேளம் இல்லை. குரு ஒருவர் சற்றுத் தள்ளி நின்று செபம் சொன்னார். எங்கள் ஊரில் எவ்வளவு ஏழையின் சாவும் மேளமில்லாமல் போனதை நாங்கள் கண்டதில்லை. பிள்ளை மதிலோரம் நின்றான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பது போல இருந்தது. "அப்பன் போன அன்னிக்குச் சிரிக்கிறான் பாரு" என்று உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது. அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் அவன் அதிகம் பேசவில்லை. மகள் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அங்கே ஞாயிறும் விடுமுறை இல்லை. ஆகவே பிள்ளை வளர்ந்தது எங்களிடமும் அந்தக் கைப்பேசியிடமுமாக.

இனி நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை பார்க்கப் பூசையை விட்டவன் என்று அவனைக் கோபித்துக்கொண்ட நாங்கள் யார்? திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் திரௌபதியம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் புதிதல்ல. பகலில் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் தெருக்கூத்து நடக்கும். நாள் கணக்கில் நீளும் அந்தக் கதை, கடைசியில் பதினெட்டாம் போரில் வந்து நிற்கும். விடிந்ததும் வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் பேருருவாய்ப் படுத்திருப்பான். பீமன் வேடக்காரர் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். எங்களில் ஒருவருடைய தந்தை உபதேசியார். வேதக்காரப் பிள்ளைகள் கூத்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை மீறி, வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்து, கர்ண மோட்சம் விடிய விடியப் பார்த்துவிட்டு, மறுநாள் ஞாயிறு பூசையில் தூங்கி விழுந்து அடிவாங்கிய பிள்ளையும் எங்களுள் ஒருவர்தாம். கர்ணன் சாகும்போது ஊரே அழும். அந்த அழுகைக்குள் நின்று அழுததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா கூடாதா என்று அந்த வயதில் பெரிய குழப்பம்.

திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தபோது பிள்ளை அறைக்குள்ளேயே இருந்தான். நடுப்பகலில் தொலைக்காட்சியில் லிஸ்பன் நகரத்து உலக இளையோர் நாளின் நிறைவுத் திருப்பலி. திருத்தந்தை பிரான்சிஸ், உடல் தளர்ந்த நிலையிலும், அதே தாபோர் மலை நற்செய்தியை வைத்து இளைஞர்களிடம் ஒளிருங்கள், செவிகொடுங்கள், அஞ்சாதிருங்கள் என்னும் பொருளில் பேசினார். (அவர் 2025 ஏப்ரல் 21 அன்று நம்மை விட்டுப் பிரிந்தார். இப்போது நினைத்தாலும் அந்தச் சோர்ந்த குரல் கேட்கிறது.) திரையில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் தெரிந்தார்கள். எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் சாத்திய கதவுக்குப் பின்னால்.

மன்னிப்புக் கேட்பது எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக மல்லாட்டை வறுத்தோம். நாலு மணிக்கு அதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, "அப்படி என்னதான் சண்டை அது, எங்களுக்கும் காட்டேன்" என்றோம். அவன் நம்பவில்லை. பிறகு கட்டிலில் இடம்விட்டு நகர்ந்துகொண்டான்.

"முதல்ல இருந்து சொல்லணுமே ஆயா. ஆயிரத்து எழுபது பகுதி முடிஞ்சிருக்கு" என்றான். அப்படியே சொல்லவும் தொடங்கினான்.

அவன் சொன்னதையும், பின்னர் நாங்கள் விசாரித்து அறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறோம். தொடரின் பெயர் 'ஒன் பீஸ்'. எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997 ஜூலையில் ஒரு வார இதழில் படக்கதையாக வரையத் தொடங்கினார். 1999 அக்டோபரிலிருந்து தோயெய் நிறுவனம் அதனை அசையும் படமாக எடுத்து வருகிறது. பகுதிகள் இப்போது ஆயிரத்து நூறைக் கடந்துவிட்டன. கதை இன்னும் முடியவில்லை. லூஃபி என்னும் பையன் ஒரு மாயக் கனியைத் தின்று இரப்பர் போல நீளும் உடலைப் பெறுகிறான். கப்பலும் நண்பர்களும் சேர்த்துக்கொண்டு ஒரு பெரும் புதையலைத் தேடிப் போகிறான். கொள்ளையன் என்று பெயர்தான். கொள்ளையடிப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு தீவிலும் கொடுங்கோலன் ஒருவனிடம் சிக்கிய எளியவர்களை விடுவிப்பதே அவனுக்கு வேலையாக இருக்கிறது. ஆட்சிபீடத்தில் இருப்போர் நல்லவர்கள், சட்டத்துக்கு வெளியே இருப்போர் தீயவர்கள் என்ற கணக்கு இந்தக் கதையில் செல்லாது. உரோமை ஆளுநனின் தீர்ப்பால் இரண்டு கள்வரின் நடுவே அறையப்பட்டவரை வழிபடும் நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆயினும் நாங்கள் வியந்தோம்.

"இதை யாருடா உனக்குக் காட்டினது?" என்று கேட்டோம்.

"அப்பாதான்."

மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. ஊரடங்கில் ரயில் நின்ற அந்த இரண்டு மாதங்களில், இரவில் போர்வைக்குள் தகப்பனும் பிள்ளையும் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். வேலை மறுபடி தொடங்கிய பின்னரும், இரவு பத்து மணிக்கு வந்து சோற்றில் கை வைக்குமுன் அந்த மனிதர், "எந்தப் பகுதியில விட்டோம்?" என்று கேட்பாராம். நாங்களும் அதே வீட்டில்தான் இருந்தோம். எங்களுக்குத் தெரியாது. 'உங்கப்பன் இருந்திருந்தா விட்டிருப்பானா' என்று காலையில் கேட்டோமே, அதற்கு விடை இதுதான். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இருவரும் கடைசியாகச் சேர்ந்து பார்த்தது வேறொரு போர். ஏஸ் என்னும் அண்ணனைக் கடற்படைத் தலைமையகத்தில் மரணமேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி லூஃபி படையைப் பிளந்துகொண்டு போய் அவனை விடுவிக்கிறான். தப்பி ஓடும் வேளையில், எரிமலைக் குழம்பையே கையாகக் கொண்ட ஒரு தளபதி தம்பியை நோக்கி ஓங்கும்போது அண்ணன் குறுக்கே தன் உடலை வைக்கிறான். அனைவரும் வெறுத்த ஒருவனின் மகனாய்ப் பிறந்து, தான் பிறந்திருக்கலாமா என்று வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், தம்பியின் தோளில் சாய்ந்தபடி, தன்னை நேசித்ததற்காக நன்றி சொல்லிவிட்டு இறக்கிறான். 2011-இன் தொடக்கத்தில் வந்த பகுதி அது. "அப்பா அழுததை அன்னிக்குத்தான் பார்த்தேன். அது ஏப்ரல்ல. மே மாசம் அவரு போயிட்டாரு" என்றான். ஓராண்டுக்கு மேல் அவன் அந்தத் தொடரைத் தொடவில்லை. பிறகு, முடிவு என்னவென்று அப்பாவுக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதாம். தனியாக மீண்டும் தொடங்கினான்.

நண்பனின் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுப்பதைப் பற்றி ஆண்டவர் இறுதி இராவுணவில் சொன்னதை அந்த இடத்தில் எடுத்துச்சொல்ல எங்கள் நா துடித்தது. உபதேசியார் வீட்டு இரத்தம். நல்லவேளையாக வாயில் மல்லாட்டை இருந்தது.

அன்று காலையில் வந்த சண்டை வானோ என்னும் நாட்டின் விடுதலைக்காக நடப்பது. அந்நாட்டைப் பற்றி அவன் சொன்ன ஒரு செய்தியை எங்களால் மறக்க இயலவில்லை. வானோவை ஆள்பவர்கள், தங்கள் படைக்கு வலிமை சேர்க்கச் செயற்கையான ஒரு மாயக் கனியைப் பயன்படுத்துகிறார்கள். 'புன்னகை' என்று பொருள்படும் 'ஸ்மைல்' என்பது அதற்குப் பெயர். பத்துப் பேர் தின்றால் ஒருவருக்குத்தான் பலிக்கும். மற்றவர்களுக்கு வலிமை வராது. அழுகை, கோபம் எல்லாம் முகத்திலிருந்து அற்றுப்போய்ச் சிரிப்பு மட்டுமே எஞ்சும். கடித்துப் போட்ட மிச்சக் கனிகளைப் பசித்த ஏழைகளின் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்த ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் யசுயே என்னும் நல்லவரைக் கட்டிவைத்துச் சுட்டுக் கொல்கிறார்கள். அவருடைய சிறு மகள் தோகோ ஓடிவருகிறாள். கண்களிலிருந்து கண்ணீர் கொட்டுகிறது, வாய் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்து அந்த ஊர் முழுவதும் சிரிக்கிறது.

"கல்லறையில எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தாத்தா. அழணும்னுதான் நெனச்சேன். வாய் அப்படிப் போயிடுச்சு. எல்லாரும் பார்த்தாங்க."

இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் கழித்து அவன் எங்களிடம் சொன்ன முதல் சொல் அது. நாங்கள் என்ன மறுமொழி சொன்னோம் என்பது நினைவில் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றே எண்ணுகிறோம்.

பிறகு அன்றைய பகுதியை எங்களுக்கு மீண்டும் போட்டுக் காட்டினான். வானத்தில் மிதக்கும் ஒரு தீவின் உச்சியில் போர். எதிரி கைடோ, மலைபோன்ற உடம்பும் வேண்டும்போது நாகமாக நெளியும் உருவும் உடையவன். பேரன் கணக்குப்படி லூஃபி அவனிடம் மூன்று முறை விழுந்திருக்கிறான். முதல் முறை ஒரே அடியில். அடுத்த முறை உச்சியிலிருந்து கடலுக்குள். மூன்றாம் முறை, வேறொருவன் இடையில் புகுந்து பிடித்துக்கொண்டதால் விழுந்த அடி. அதில் உயிர்நாடியே நின்றுபோகிறது. தலைவன் போய்விட்டான் என்று நண்பர்கள் உணர்கிறார்கள். மூன்று விழுகைகள் என்றதும் சிலுவைப்பாதையின் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் தலங்கள் நினைவுக்கு வருவதை எந்தக் கத்தோலிக்கக் கிழவனாலும் தடுக்க இயலாது.

அந்த நிசப்தத்தில் ஒரு மேள ஒலி எழுகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. கடலில் நெடுந்தொலைவில் நிற்கும், ஆயிரம் ஆண்டு வயதான ஒரு யானை அதனைக் கேட்டு, இது விடுதலையின் முரசு, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்கிறேன் என்கிறது. முரசு வேறெங்கும் இல்லை. விழுந்து கிடப்பவனின் நெஞ்சுதான் அப்படித் துடிக்கிறது. அவன் எழுகிறான். கருத்த தலைமுடி வெண்மையாகிறது, உடுத்திய உடையும் வெண்மையாகிறது. எழுந்தவன் கோபத்தோடு சண்டையிடவில்லை, சிரிக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரிக்கிறான். புகைக்குள்ளிருந்து பேருருவான கை ஒன்று வந்து நாகத்தைப் பிடித்துத் துணி துவைப்பது போல அடிக்கிறது. கல்தரையே இரப்பராக நெளிகிறது. கண்கள் பிதுங்கி வெளியே வந்து விழும் பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்களைப் போல, உயிரையெடுக்கும் போர் விளையாட்டாகிவிடுகிறது. அவன் தின்ற கனிக்கு உண்மையில் வேறு பெயராம். பழங்காலத்து அடிமைகள், தங்களைச் சிரிக்கவைத்து விடுவிக்க ஒருவன் வருவான் என்று நம்பியிருந்தார்களாம். அவனுடைய ஆற்றல்தான் அந்தக் கனியில் இருக்கிறதாம். அவனைக் கதிரவக் கடவுள் என்று கதையில் அழைப்பது எங்களுக்கு உவப்பாக இல்லை. இருந்தாலும் கதை அவர்களுடையது.

எங்களுள் கிழவிக்குத்தான் முதலில் தோன்றியது. "காலையில பூசையில வாசிச்சதும் இதுதானேடா" என்றாள்.

"எது ஆயா?"

"மலை உச்சி. முகம் சூரியன் மாதிரி. துணியெல்லாம் வெள்ளை."

அவன் படத்தை நிறுத்தினான். "இன்னிக்கா?" என்றான். உள்ளேயிருந்து திருவிவிலியத்தைத் தானே எடுத்துவந்து அந்த அதிகாரத்தைப் படித்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனைப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் கவனத்தோடு கேட்டிருப்பானா என்பது ஐயமே. இப்படி எழுதுவது ஞாயிறு கடனைக் குறைத்துப் பேசுவதாகாது, நடந்ததைச் சொல்கிறோம்.

"வேணும்னே இந்தத் தேதியில வச்சிருப்பாங்களோ?" என்று கேட்டான். இல்லை என்றோம். படம் எடுப்பவர்களுக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காட்சி படக்கதையில் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது என்று அவனே சொன்னான். ஆனால் ஜப்பானியருக்கு ஆகஸ்டு 6 வெறும் தேதியன்று. 1945-இல் அதே மறுரூபத் திருநாளில், காலை எட்டேகாலுக்கு, ஹிரோஷிமாவின் மேல் ஒரு வெண்ணிற ஒளி தோன்றியது. நகரின் புறத்தே நகத்சுகாவில் இயேசு சபையின் நவசந்நியாச இல்லத்துக்கு அப்போது தலைவராய் இருந்தவர் தந்தை பேதுரு அருப்பே. குருமடம் புகுமுன் மருத்துவம் படித்தவர். செபக்கூடத்தையும் அறைகளையும் மருத்துவமனையாக்கி, ஏறக்குறைய நூற்றைம்பது பேரை அங்கே கிடத்திச் சிகிச்சை செய்தார். பிற்காலத்தில் 1965 முதல் 1983 வரை சபையின் உலகத் தலைவராய் விளங்கினார். உருமாற்றும் ஒளி ஒன்று, உருவழிக்கும் ஒளி ஒன்று. இரண்டுக்கும் நாள்காட்டியில் ஒரே கட்டம். இந்த விழாவே ஒரு போரோடு ஒட்டியதுதான். 1456 ஜூலையில் பெல்கிரேடு கோட்டை துருக்கியரிடமிருந்து காப்பாற்றப்பட்ட செய்தி ஆகஸ்டு 6 அன்று உரோமையை அடைந்தது. அதற்கு நன்றியாகவே மறு ஆண்டு திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து இதனைத் திருச்சபை முழுவதற்கும் விழாவாக்கினார். போரின் வெற்றிக்கு அடையாளமாக, போரே செய்யாதவரின் ஒளியை எடுத்துக்கொண்டார்கள். அதிலுள்ள முரண் அக்காலத்தில் யாருக்காவது உறுத்தியதோ, என்னவோ!

எங்களுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. அதையும் அவனிடம் சொன்னோம். தாபோரில் ஆண்டவர் ஒளிர்ந்தார். பிறகு மலையை விட்டு இறங்கி எருசலேமுக்குப் போனார். ஒளி முதலில், அடி பிறகு. அந்த ஒளியைக் கொண்டு அவர் யாரையும் தூக்கி அடிக்கவில்லை. உன் லூஃபிக்கு அடி முதலில், ஒளி பிறகு. அந்த ஒளியே அவனுக்கு ஆயுதம். இது எங்களுக்குப் பாரதத்துப் பீமனைப் போலத் தெரிகிறதே தவிர, மத்தேயுவைப் போலத் தெரியவில்லை.

அவன் நெடுநேரம் யோசித்தான். "ஆனா அவன் சிரிச்சான் தாத்தா. பயப்படல, பழிவாங்கவும் இல்ல. எல்லாரையும் சிரிப்பை நெனச்சு அழ வச்சவங்க முன்னாடி, நெஜமா சிரிச்சான்" என்றான். சற்றுப் பொறுத்து, "மேளச் சத்தம் கேட்டுச்சில்ல?" என்றான்.

கேட்டது என்றோம். இறந்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்லுகிற நாங்கள், அந்தப் பிள்ளைக்கு அவன் தகப்பனைக் குறித்து ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறோமா என்று அப்போது எண்ணிப்பார்த்தோம். ஆண்டுத் திருப்பலிக்குக் காணிக்கை கொடுத்தோம், கல்லறைக்கு வெள்ளையடித்தோம், அவனிடம் பேசவில்லை. ஏதோ ஒரு ஜப்பானியர் வரைந்த, கண் பிதுங்கிச் சிரிக்கும் இரப்பர் பையன் எங்களை முந்திக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தான். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு வந்தான். எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். செப்டம்பரில் ஒருநாள் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா கோயிலுக்கு மூவரும் ரயிலில் போய்வந்தோம். குன்றின் மேல் நின்று வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "இறங்கலாமா?" என்று அவனே கேட்டான். முழங்கால் வலியால் நாங்கள்தாம் பின்தங்கினோம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாலையில் மகளும் கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தாள். சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி. குரு தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். பிள்ளை தகப்பனின் கல்லறையருகே குந்தி உட்கார்ந்தான். நாங்கள் செபமாலை சொல்வதற்காக மகளோடு சற்றுத் தள்ளி நின்றோம். அவன் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். செபம் என்று நினைத்தோம். காற்று திரும்பியபோது சில சொற்கள் காதில் விழுந்தன: "...அப்புறம் மூணாவது தடவ விழுந்துட்டான்பா. எல்லாரும் செத்துட்டான்னு நெனச்சிட்டாங்க..."

மகள் செபமாலையை நிறுத்திவிட்டாள். நாங்களும் நிறுத்திவிட்டோம். கதை முடிய வெகுநேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்து, "ஆயா, மெழுகுவர்த்தி அணைஞ்சிடுச்சு, தீப்பெட்டி எடுத்தாங்க" என்றான்.